தரவுத்தளத்தில் தமிழ் நெடுங்கணக்கு

(தனித்தமிழ் அன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



வல்லவன், வழுதி, வளவன், வறட்சி, வன்மை. இவ்வைந்து சொற்களையும் அகரவரிசையில் நிறுத்துக என்று நெடுங்கணக்கு அறிந்த ஒரு சிறுவனிடம் கூறின், இப்பொழுது சொல்லப்பெற்ற இதே வரிசையில்தான் அவன் நிறுத்துவான். லகரத்திற்குப் பின்னரே ழகரம், அதன்பின் ளகரம், அதன்பின் றகரம், எல்லாவற்றிற்கும் கடையில் னகரம். அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவதே தமிழெழுத்து நிரல் எனத் தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே வரம்பு கட்டி வைத்துள்ளது.

இதே ஐந்து சொற்களையும் கணினியின் தரவுத்தளம் ஒன்றில் இட்டு, வரிசைப்படுத்தித் தருக என வினவுக. 'சி' என்னும் வரிசைமுறையில் நிறுவப்பெற்ற தளமாயின் வரும் விடை இது: வன்மை, வறட்சி, வல்லவன், வளவன், வழுதி. கடையில் நிற்க வேண்டியது தலையில் நிற்கின்றது. இஃது ஐந்து சொற்களோடு முடிகின்ற சிறுபிழை அன்று. நூலகப் பட்டியலும், பள்ளி மாணவர் பெயரேடும், அகரமுதலியும் இன்று தரவுத்தளங்களிலேயே வாழ்கின்றன. அங்கே நெடுங்கணக்கு குலைந்தால், இரண்டாயிரம் ஆண்டு மரபொன்று ஓசையின்றிக் குலைந்தது என்பதே பொருள்.

இதனைக் கண்ட தமிழர் இரு வகையாய்ப் பேசுவர். 'கணினிக்குத் தமிழ் ஒத்துவராது' என்று கைவிரிப்பார் ஒருசாரார். 'தமிழைக் கெடுக்கவே அயலார் இதனைச் செய்தனர்' என்று குமுறுவார் மற்றொரு சாரார். கைவிரிப்பாலும் குமுறலாலும் ஒரு பட்டியலும் திருந்தியதில்லை. நோயை இன்னதென அறிந்து, அதன் முதலை ஆய்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, பிழையாமற் செய்க என்று மருந்துக்கு வள்ளுவர் வகுத்த நெறியே இதற்கும் நெறி. அந்நெறியில் நின்று தரவுத்தளப் பிழைகளைக் களைவது எங்ஙனம் என்பதே இப்பொழிவின் பொருள்.

தரவுத்தளம் எது?

செய்திகளை நிரையும் நெடுவரிசையுமாய் அட்டவணைகளில் வைத்து, அட்டவணைகளுக்கிடையே உறவு கண்டு விடை தருவது உறவுமுறைத் தரவுத்தளம். அதனிடம் வினவுவதற்கென 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தொனால்டு சேம்பர்லின், இரேமண்டு பாய்சு ஆகிய இருவர் வடிவமைத்த மொழியே எசு.கியூ.எல். எனப் பின்னர்ப் பெயர் பெற்றது. இங்கு எடுத்துக்கொள்ளப்பெறும் தரவுத்தளம் போசுட்கிரெசு. 1986இல் அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சுடோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாய்த் தொடங்கியது, பின்னர் எசு.கியூ.எல். மொழியை ஏற்றது, 1996இல் இன்றைய பெயரைப் பெற்றது. அது கட்டற்ற, திறவூற்று மென்பொருள். விலை இல்லை என்பது அதன் சிறுசிறப்பே. அதன் ஊற்றுநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பதே பெருஞ்சிறப்பு. பூட்டிய பெட்டிக்குள் பிழை இருந்தால் உரியவனிடம் கைகட்டி நிற்றல் வேண்டும். திறந்த பெட்டிக்குள் இருந்தால், அறிவுடையான் எவனும் அதனைத் தேடிக் காணலாம்.

மூவகைப் பிழைகள்

வினவலில் நேரும் பிழைகள் மூவகைப்படும். வினவல் ஓடாமையே முதல் வகை. ஓடியும் தவறான விடை தருதல் இரண்டாம் வகை. செவ்விய விடையைக் காலந்தாழ்த்தித் தருதல் மூன்றாம் வகை. எவ்வகை என்று தெளியாமல் கைவைத்தவன் ஒரு பிழையைத் திருத்தப் புகுந்து இரண்டு பிழைகளை விளைப்பான்.

ஓடாத வினவலே எளிய நோய். ஏனெனில் அது வாய்திறந்து சொல்லும் நோய். பிழைச்செய்தியை முழுதும் படித்தலே முதற் கடமை. போசுட்கிரெசு பிழை நேர்ந்த இடத்தையும் பெரும்பாலும் சுட்டும். பல வேளைகளில் குறிப்பும் தரும். பலர் முதல் வரியை மட்டும் கண்டு மருள்கின்றனர். மருந்து மூன்றாம் வரியில் இருக்கும்.

'இப்பெயரில் செயற்கூறு இல்லை' என வரும் செய்தி பெரிதும் நீட்சிகளைப் பற்றியதாய் இருக்கும். தரவுத்தளத்தின் ஆற்றலைப் பெருக்கப் பின்னிணைக்கும் கூறே நீட்சி. சொல்லை மும்மூன்று எழுத்துக்குறிகளாய்க் கூறிட்டு ஒப்புமை தேடுகின்ற 'டிரைகிராம்' நீட்சி ஓர் எடுத்துக்காட்டு. ஒரே ஆணையால் நீட்சியை இணைக்கும் முறை 2011இல் வந்த 9.1ஆம் பதிப்பில் அமைந்தது. ஆயினும் அவ்வாணை ஒரு தரவுத்தளத்திற்கு மட்டுமே செல்லும். ஒரே வழங்கியில் பத்துத் தளங்கள் இருப்பின், ஒன்றில் இணைத்த நீட்சி மற்ற ஒன்பதிலும் இராது. ஆகவே நான்கு கேள்விகளை வரிசையாய்க் கேட்டல் வேண்டும். நீட்சியின் கோப்புகள் வழங்கியில் உள்ளனவா? இந்தத் தரவுத்தளத்தில் அது இணைக்கப்பெற்றதா? அது வைக்கப்பெற்ற பிரிவு தேடுவழியில் உள்ளதா? வழங்கி தொடங்கும்பொழுதே ஏற்றப்பட வேண்டிய நீட்சியா? வினவல்தோறும் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் கொண்டது எனக் கணக்கு வைக்கின்ற நீட்சி இந்நான்காம் வகையினது; அமைவுக் கோப்பில் அதன் பெயரை எழுதி வழங்கியை மீளத் தொடக்கினாலன்றி அது கணக்கெடுக்காது. இந்நான்கையும் கேட்டு முடிக்கும் முன்னரே பெரும்பாலான நீட்சிச் சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

தமிழுக்கென ஐந்தாவது கேள்வி ஒன்றும் உண்டு. டிரைகிராம் நீட்சி முறையாய் இணைக்கப்பெற்றும், தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படாமற் போவதுண்டு. அந்நிலையில் 'தமிழ்' என்னும் சொல்லையே கொடுத்து அதன் கூறுகளைக் காட்டுக என வினவுதல் வேண்டும். வெற்றுக்கூடு வந்தால் கரணியம் விளங்கிவிடும்: எழுத்து எது, எழுத்தல்லாதது எது என வகுக்கும் அமைப்பு அத்தளத்தில் 'சி' என வைக்கப்பெற்றுள்ளது, அதற்கு ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறே எழுத்துகள், தமிழெழுத்து எழுத்தே அன்று! நிறுவிய பின்னர் அவ்வமைப்பை மாற்றல் இயலாது. செவ்விய அமைப்போடு புதுத்தளம் நிறுவி, தரவுகளை அதற்குப் பெயர்த்தலே வழி. தொடக்கத்தில் அரை நொடியில் செய்யத்தக்க தேர்வைச் செய்யாது விட்டதன் விலை அது.

பொய்விடை தரும் வினவல்

இரண்டாம் வகையே கொடிது; ஏனெனில் அது பிழையென்று தன்னைக் காட்டிக்கொள்ளாது. தொடக்கத்திற் கூறிய வரிசைக் குலைவு இவ்வகையினது. அதன் முதலை ஆய்வோம்.

ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதிக்கு ஒதுக்கப்பெற்றவை 128 இடங்கள். இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒரே அச்சில் வார்க்க இந்திய நடுவணரசு 1988இல் வகுத்த குறியமைப்பைத் தழுவியே அவ்விடங்கள் பகுக்கப்பெற்றன. அவ்வச்சு தேவநாகரியின் அச்சு. ஆகலின், ககரத்திற்கும் ஙகரத்திற்கும் நடுவே, தமிழில் இல்லாத மூன்று வடவொலிகளுக்காக மூன்று வெற்றிடங்கள் கிடக்கின்றன. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று அமர்ந்துள்ளது. நகரத்தை ஒட்டி னகரமும், ரகரத்தை ஒட்டி றகரமும் வைக்கப்பெற்றன. ழகரம் ளகரத்தின் பின்னே தள்ளப்பெற்றது. 'சி' வரிசைமுறை இக்குறியெண்களை மட்டுமே பார்த்து அடுக்கும், நெடுங்கணக்கை அறியாது.

மெய்யெழுத்தின் நிலையும் இதுவே. 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வருவது தமிழ் அகரமுதலி மரபு; புள்ளி பெற்ற ககரம் அகரமேறிய ககரத்திற்கு முன்னது. குறியெண் வரிசையிலோ புள்ளியின் எண் பெரிதாகையால், பகல் முந்தும், பக்கம் பிந்தும்.

இங்குத்தான் உணர்வோடு அறிவும் வேண்டும். குறியெண் தமிழ் மரபைப் போற்றவில்லை எனும் குறைபாட்டில் உண்மை உண்டு. ஆயின், குறியெண்ணே வரிசை என்று ஒருங்குறி கூறவில்லை. வரிசைமுறை என்பது அதற்கு மேலே தனியாய் வகுக்கப்பெறும் ஒரு நெறி. தமிழ் மெய்களை ககரம் முதல் னகரம் வரை மரபுப்படி அடுக்கி, கிரந்த எழுத்துகளை அவற்றின் புறத்தே கடைசியில் நிறுத்துகின்ற நெறி ஆங்கே எழுதப்பெற்றுள்ளது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் 'ஐ.சி.யூ.' எனும் பொதுநூலகத்தின் வழி, தமிழுக்குரிய 'டி.ஏ.' என்னும் ஈரெழுத்துக் குறி தாங்கிய வரிசைமுறையைப் போசுட்கிரெசில் பயன்படுத்தலாம். வரிசைப்படுத்தும் வினவலின் கடையில் அப்பெயரைச் சேர்த்தால், வன்மை தனக்குரிய கடையிடத்திற்குச் செல்லும். வல்லவன் தலையிடத்திற்கு வருவான். மருந்து கையெட்டும் தொலைவில் இருக்கிறது, கேட்பாரே இல்லை.

மருந்தை இட்டபின் நோய் தீர்ந்ததா எனவும் பார்த்தல் வேண்டும். மேலே கூறிய ஐந்து சொற்களோடு பக்கம், பகல் எனும் இரண்டையும் சேர்த்து ஏழு சொல் அட்டவணை ஒன்று அமைத்து, வரும் வரிசையைக் கண்ணால் காண்க. பிறர் சொல்லை நம்பி முழு நூலகத்தையும் ஒப்படைப்பதினும், ஏழு சொற்களால் தானே தெளிதல் நன்று.

பொய்விடையில் இன்னொரு வகையும் உண்டு. 'கொற்றன்' எனும் பெயர் தளத்தில் உள்ளது, கண்ணுக்குத் தெரிகின்றது, 'கொற்றன்' என்று தேடினால் இல்லை என்கின்றது. கரணியம் இது: ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; எகரக் கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் இரண்டையும் ஒருபடித்தாக்கும் செயற்கூறு அமைந்தது. தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். ஆயினும், ஔகாரக் குறியின் பின்பாதிக்கு மாற்றாய் ளகரத்தையே தட்டிவிடும் கைப்பிழையை அச்செயற்கூறு திருத்தாது. அதற்குத் தமிழறிந்த கண்ணே வேண்டும். 'தமிழ்' என்பது தமிழனுக்கு மூன்றெழுத்து. தளத்திடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்னும். பைட்டுக் கணக்கில் கேட்டால் பதினைந்து என்னும். மூன்றும் அதனதன் அளவில் மெய். எவ்வளவையால் கேட்கின்றோம் என்று அறியாதவனுக்கே அவை பொய்.

காலந்தாழ்த்தும் வினவல்

மூன்றாம் வகைக்கு மருந்து ஊகம் அன்று, அளவை. வினவலின் முன் 'எக்சுபிளெயின் அனலைசு' எனும் ஆணையைச் சேர்த்தால், தளம் எவ்வழியில் விடை தேடியது, எத்தனை நிரைகள் கிடைக்குமென முன்கூட்டி மதித்தது, உண்மையில் எத்தனை கிடைத்தன, ஒவ்வொரு படியும் கொண்ட நேரம் எவ்வளவு என்பன விளங்கும். மதிப்பு பத்து, உண்மை பத்து இலக்கம் எனின், தளத்தின் கணக்கெடுப்பு பழையது. 'அனலைசு' ஆணையால் புதுக்கணக்கு எடுக்கச் செய்க. ஓர் எச்சரிக்கை: அவ்வாணை வினவலை மெய்யாகவே ஓட்டும். நீக்கும் வினவலின் முன் சேர்த்தால் தரவு நீங்கியே போகும்! மீட்கத்தக்க வினைத்தொடருக்குள் அடக்கி ஓட்டிப் பின் மீட்டுக்கொள்ளல் வேண்டும்.

'வ' எனத் தொடங்கும் பெயர்களைத் தருக என்றால் சுட்டுவரிசை இருந்தும் தளம் முழு அட்டவணையையும் துழாவுவதுண்டு. மொழிவழி வரிசையில் அமைந்த சுட்டுவரிசை இத்தகைய முன்னொட்டுத் தேடலுக்குப் பயன்படாமையே கரணியம். அதற்கென வேறொரு வகைச் சுட்டுவரிசை உண்டு. சொல்லின் நடுவில் தேடுவதற்கோ டிரைகிராம் நீட்சி உண்டு. அழகிய வரிசைக்கு ஒன்று, விரைந்த தேடலுக்கு ஒன்று என இரண்டும் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் அமைத்தலே முறை.

அடித்தளம் பெயர்ந்தால்

2018ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இலினக்சு இயங்குதளத்தின் அடிப்படை நூலகமாகிய 'கிலிப்சி' தன் 2.28ஆம் பதிப்பில் வரிசைநெறிகளைப் பெரிதும் மாற்றியது. தரவுத்தளத்தில் எவரும் கைவைக்கவில்லை. இயங்குதளத்தைப் புதுப்பித்ததே குற்றம்! பழைய நெறிப்படி அடுக்கிய சுட்டுவரிசையைப் புதிய நெறியால் தேடிய தளங்கள், இருந்த நிரைகளை இல்லை என்றன. ஒன்றே இருக்க வேண்டிய பெயரை இருமுறை ஏற்றன. இக்கேட்டைக் கண்டறியச் சுட்டுவரிசையின் ஒழுங்கை ஆய்கின்ற 'அம்செக்கு' எனும் நீட்சி உள்ளது. தீர்வு சுட்டுவரிசைகளை மீளக் கட்டுதல். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல், தளத்தின் வரிசைமுறைப் பதிப்பு மாறியிருப்பின் எச்சரிக்கை எழும். அவ்வெச்சரிக்கையை அடக்குவதற்கும் ஓர் ஆணை உண்டு. சுட்டுவரிசைகளை மீளக் கட்டாமல் அதனை மட்டும் இடுபவன், காய்ச்சல் கண்டவனின் வெப்பமானியை உடைப்பவன் ஆவான்.

வழிகாட்டிய பிறமொழியார்

பெரியோர்களே! இத்தரவுத்தளம் ஆங்கில மண்ணில் பிறந்தது. அதன் ஆங்கிலத் தன்மையை அகற்றியவர் யாவர்? சப்பானியர் தாட்சுவோ இசீ, ஓரெழுத்துக்குப் பல பைட்டுகள் வேண்டும் மொழிகளும் இதனுள் புகுமாறு 1998இல் வழி அமைத்தார். தம் எழுத்துக்கு இடம் இல்லை எனக் கண்டு அவர் அரற்றவில்லை, இடம் செய்தார். அவ்விடத்தில்தான் இன்று தமிழும் நிற்கின்றது. உருசிய நாட்டு வானியலறிஞர் ஓலெக் பார்த்துனோவும் தியோதர் சிகாயெவும் நூல் முழுதும் சொல் தேடும் பொறியை வளர்த்தனர்; அது 2008இல் 8.3ஆம் பதிப்பில் தளத்தின் உள்ளுறுப்பாயிற்று. டிரைகிராம் நீட்சியும் அவ்விருவர் கைவண்ணமே.

அத்தேடற்பொறி சொற்களைப் பிரிக்கையில் இந்திய மொழிகளின் உயிர்க்குறிகளை எழுத்தல்ல எனக் கொண்டால், கொற்றன் கொம்பிலேயே முறிந்துபோவான். அதனைத் தடுக்க, ஊற்றுநிரலுள் ஒரு பட்டியல் எழுதப்பெற்றுள்ளது. தமிழின் காலும், கொம்பும், ஐகாரக் குறியும் ஒவ்வொன்றாய்ப் பெயர் கூறி ஆங்கே நிற்கின்றன. இவை தனித்து எழுத்தல்ல எனினும் சொல்லை முறிப்பனவும் அல்ல என்னும் விளக்கமும் உண்டு. எவரும் திறந்து பார்க்கலாம். 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் வேர் காணும் கூறும் சேர்ந்தது. மரத்தை, மரங்கள், மரத்தில் என்பவற்றை ஒரு முதலோடு இயைக்கும் முயற்சி அது. ஆயின் ஆங்கிலத்திற்கும் உருசியத்திற்கும் உள்ள ஒதுக்குச்சொற் பட்டியல் அப்பதிப்பில் தமிழுக்கு இணைக்கப்பெறவில்லை. புணர்ச்சியும் விகுதியும் செறிந்த தமிழுக்கு, வேர் காணும் நெறியை இலக்கணம் அறிந்தார் சீர்ப்படுத்த வேண்டிய இடமும் மிகுதி.

இளைஞர்கள் செய்யத்தக்கது

கணினிக்குத் தமிழ்ச்சொல் ஆக்குதல் வேண்டும், அது முதற்பணி. ஆயின் 'வினவல்', 'நீட்சி' என்று சொல்லாக்கியதோடு நின்றுவிட்டு, வினவல் பொய்த்தால் கரணியம் காண அயலானை அழைப்பது அரைகுறைப் பணியே. பெயரளவில் தமிழ், செயலளவில் அடிமை என்பதே அதன் முடிவு.

ஆதலின், தமிழ்த்தரவு ஏற்கும் எத்தளத்தையும் நிறுவுமுன் அதன் எழுத்தமைப்பையும் வரிசைமுறையையும் இளைஞர்கள் கேட்டறிதல் வேண்டும். ஏழு சொல் ஆய்வை எங்கும் செய்து பார்த்தல் வேண்டும். பிழை கண்டால், இன்ன பதிப்பு, இன்ன அமைப்பு, இன்ன சிற்றட்டவணை, இன்ன வினவல், வர வேண்டியது இது, வந்தது இது என்று ஆறு வரியில் எழுதி உரியோர்க்கு அறிவித்தல் வேண்டும். வசைமொழி எத்தனை பக்கம் எழுதினும் ஒரு பிழையும் நகராது. செவ்விய ஆறு வரி ஊற்றுநிரலையே மாற்றவல்லது. புலவர்கள் ஒதுக்குச்சொற் பட்டியலும் வேர்நெறியும் வகுத்தளித்தால், நிரல் அறிந்த இளைஞர் அவற்றைத் தளத்தினுள் சேர்க்கலாம். கதவு திறந்தே கிடக்கின்றது.

ஏட்டில் கிடந்த தமிழை அச்சிற்கு ஏற்றியவர்கள், அச்சுக்கூடத்திலேயே அமர்ந்து ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துத் திருத்தினர். அதனால்தான் நூல்கள் பிழையின்றி வாழ்கின்றன. இன்றைய அச்சுக்கூடம் தரவுத்தளம். அங்கே அமர்ந்து திருத்தத் தமிழன் வரும்வரை, வன்மை தவறான இடத்திலேயே நிற்கும். தன் மொழியின் பிழையைத் தானே கண்டு தானே திருத்தும் ஆற்றலே வன்மை. அவ்வன்மை தனக்குரிய இடத்தில் நிற்பதாகுக!

வெல்க தமிழ்!